பெற்றவள் வீட்டுக்குப் போன பெண்ணும் பதினைந்தாம் பிரிவும்

மன்னார்குடியில் பெரியம்மா வீடு. வேதாரண்யம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பெற்றவள் வீடு. நடுவே திருத்துறைப்பூண்டியில் ஒரு பஸ் மாற வேண்டும், அவ்வளவுதான். பிள்ளையில்லாத அக்காளுக்குத் தங்கை தன் இரண்டாவது பெண்ணை மூன்று வயதில் தத்துக் கொடுத்தாள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரமும் பதிவானது. பதினாறு வயதில், பிளஸ் ஒன் பரீட்சை முடிந்த கையோடு, அந்தப் பெண் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் பெற்றவள் வாசலில் போய் இறங்குகிறாள். இனி இங்கேதான் இருப்பேன் என்கிறாள்.

இது விளக்கத்துக்காக நான் கட்டிக்கொண்ட குடும்பம். ஆனால் டெல்டாக்காரர்களுக்குப் புதிதாக இருக்காது. அக்காள் தங்கைக்குள், அண்ணன் தம்பிக்குள் பிள்ளையைக் கொடுத்து வாங்குவது இங்கே பழைய வழக்கம். கொடுத்த பிள்ளை கல்யாணம், காதுகுத்து, கோவில் திருவிழா என்று பெற்றவர்களைப் பார்த்துக்கொண்டேதான் வளர்கிறது. யாருக்கும் இதில் ரகசியம் இல்லை. சிக்கல் வருவது பிள்ளைக்கு மீசை முளைக்கும் வயதில், அல்லது தாவணி போடும் வயதில், அது தானாக ஒரு முடிவு எடுக்கும்போது.

அப்போது இரண்டு வீட்டிலும் ஒரே கேள்வி: சட்டப்படி இது செல்லுமா? இந்தக் கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் கிடைக்காது. நாம் 'திரும்பி வந்துவிட்டாள்' என்று சொல்கிற ஒரு சொல்லுக்குள் சட்டம் மூன்று வெவ்வேறு சங்கதிகளைப் பார்க்கிறது. பெண் எங்கே குடியிருக்கிறாள் என்பது ஒன்று. யாருடைய மகள் என்பது இன்னொன்று. யாருடைய சொத்தில் அவளுக்குப் பங்கு என்பது மூன்றாவது. முதலாவது மாறலாம். மற்ற இரண்டும் பஸ்ஸில் ஏறி வருவதில்லை.

முட்டுக்கட்டையாக நிற்பது 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு. முறைப்படி நடந்த தத்தெடுப்பை வளர்த்த தகப்பனோ தாயோ வேறு யாருமோ ரத்து செய்ய முடியாது. தத்துப் போன பிள்ளையும் அந்த நிலையைத் துறந்து பிறந்த குடும்பத்துக்குத் திரும்ப முடியாது. பிரிவின் சாரம் இவ்வளவுதான். வயது விலக்கோ, இரு தரப்பும் சம்மதித்தால் சரி என்ற இடைவெளியோ அதில் இல்லை. கல்லணையில் பிரிந்து வெண்ணாற்றில் இறங்கிய தண்ணீர் மறுபடி காவிரியில் ஏறுவதில்லை, அது போலத்தான்.

இதற்கு முந்தைய 12-ஆம் பிரிவு, தத்தான நாளிலிருந்து பிள்ளை எல்லா விதத்திலும் வளர்ப்பவர்களின் பிள்ளை, பிறந்த குடும்பத்து உறவுகள் அறுந்தவை என்கிறது. நம் உதாரணத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். பெரியம்மா அம்மாவாகிவிட்டாள். அம்மாவின் தங்கை என்ன முறை? சித்தி. பத்து மாதம் சுமந்து பெற்றவள் சட்டத்தின் கண்ணில் அந்தப் பெண்ணுக்குச் சித்தி.

ஏன் இவ்வளவு இறுக்கம்? சட்டம் எழுதப்பட்ட காலத்தில் தத்து என்றால் முதலில் சொத்து, பிறகு கருமாதி. வாரிசு நாளைக்கு மனம் மாறிப் போய்விடலாம் என்றால் எந்த நிலத்தையும் நம்பி யாரும் வாங்க மாட்டார்கள். தஞ்சாவூருக்கு இந்தப் பாடம் வேறெந்த ஊரையும்விட முன்பே கிடைத்திருக்கிறது. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் துளஜா 1787-ல் சாகும் தறுவாயில் சரபோஜியைச் சுவீகாரம் எடுத்தார். அவர் போனதும் தத்தே செல்லாது என்று பண்டிதர்களிடம் தீர்ப்பு வாங்கப்பட்டது. பையன் பெற்றவர்களுக்கு ஒரே மகன் என்பதும் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. துளஜாவின் சகோதரர் அமர்சிங் அரியணை ஏறினார். கிழக்கிந்தியக் கம்பெனியார் அந்த முடிவை மாற்றிக்கொண்டு 1798-ல் சரபோஜியை உட்கார வைக்கும் வரை, ஒரு சிறுவன் யாருக்கு மகன் என்ற கேள்வியின் மேல் ஒரு ராஜ்ஜியமே தொங்கிக்கொண்டிருந்தது. ஒரே மகனைத் தத்துக் கொடுத்தால் செல்லுமா என்பதற்கு அன்றைய கடைசி அப்பீல் மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் 1899-ல்தான் செல்லும் என்று முற்றுப்புள்ளி வைத்தது.

அந்தப் பயத்தில் பிறந்த சட்டம் இது. வாரிசு நிலையாக இருக்க வேண்டும் என்ற கவலை அதில் தெரிகிறது. பதினாறு வயதுப் பெண் ஒருத்திக்கு மூச்சு முட்டினால் என்ன செய்வாள் என்ற கவலை தெரியவில்லை. என்னைக் கேட்டால், சொத்துக்காக எழுதிய விதியைப் பிள்ளையின் மனசுக்கும் சேர்த்துப் பூட்டியதுதான் 15-ஆம் பிரிவின் குறை. ஆனால் பிடிக்கவில்லை என்பதற்காகச் சட்டம் இல்லை என்றாகிவிடாது.

முதலில் பார்க்க வேண்டியது: தத்து நடந்ததா?

வக்கீல் அலுவலகத்தில் கேட்கப்படும் முதல் கேள்வி பெண் ஏன் போனாள் என்பதாக இருக்காது. பத்திரம் இருக்கிறதா என்பதாகத்தான் இருக்கும். 15-ஆம் பிரிவு பூட்டுவது முறைப்படி நடந்த தத்தை மட்டும். தத்தே செல்லாது என்றால் பூட்டுவதற்கு ஒன்றும் இல்லை. பிள்ளை சட்டப்படி பிறந்த வீட்டை விட்டுப் போகவே இல்லை.

தத்து செல்ல என்னென்ன வேண்டும்? பிள்ளை இந்துவாக இருக்க வேண்டும், ஏற்கெனவே தத்துப் போயிருக்கக் கூடாது, பதினைந்து வயது முடிந்திருக்கக் கூடாது (சமூக வழக்கம் அனுமதித்தால் மட்டும் விலக்கு). வளர்க்கும் கணவனுக்கு மனைவியின் சம்மதம் வேண்டும். ஆண் பிள்ளையைத் தத்தெடுக்கும்போது அவர்களுக்கு உயிருள்ள மகனோ மகன் வழிப் பேரனோ இருக்கக் கூடாது. பெண் என்றால் மகளோ மகன் வழிப் பேத்தியோ இருக்கக் கூடாது. வளர்ப்பவர் ஆணாகவும் பிள்ளை பெண்ணாகவும் இருந்தால், அல்லது மாறியிருந்தால், 21 வயது இடைவெளி வேண்டும். தத்து ஹோமம் கட்டாயமில்லை. கட்டாயமானது வேறொன்று: பிள்ளையைக் கையில் கொடுத்து, கையில் வாங்க வேண்டும், தன் குடும்பத்திலிருந்து அந்தக் குடும்பத்துக்கு மாற்றுகிறோம் என்ற எண்ணத்தோடு அது நடக்க வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனையில்தான் நம் பக்கத்துக் குடும்பங்கள் பல சறுக்குகின்றன. 'வளர்க்கக் கொடுத்தோம்' என்பதும் 'தத்துக் கொடுத்தோம்' என்பதும் பேச்சில் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. பாட்டி சொன்னாள், பெரியப்பா அழைத்துப் போனார், பள்ளிக்கூடத்தில் தகப்பன் பெயர் என்ற இடத்தில் பெரியப்பாவின் பெயரைக் கொடுத்தார்கள், குடும்ப அட்டையில் சேர்த்தார்கள். பத்து வருடம் ஓடிவிட்டது. இது வளர்ப்பு, இது மட்டும் தத்து ஆகாது. 2020-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதைத் தெளிவாகவே சொன்னது: சிறு வயதிலிருந்து வளர்த்தார்கள், பள்ளி ஆவணங்களில் அவர்கள் பெயர்தான் இருக்கிறது என்பதெல்லாம் போதாது, கொடுத்து வாங்கிய நிகழ்வையும் மனைவியின் சம்மதத்தையும் நிரூபிக்க வேண்டும். அந்த வழக்கில் வளர்ந்த பெண் தோற்றார்.

இதன் மறுபக்கத்தைக் கவனியுங்கள். பெற்றவர்களிடம் திரும்ப நினைக்கும் பிள்ளைக்குப் பத்திரம் இல்லாதது வசதி. வளர்த்தவர்களின் சொத்தில் பங்கு கேட்க நினைக்கும் பிள்ளைக்கு அதே பத்திரம் இல்லாதது இடி. பதினாறு வயதில் 'நான் தத்துப் பிள்ளையே இல்லை' என்று மகிழ்ச்சியாகச் சொன்னவர் முப்பது வயதில் அதே வாக்கியத்தை எதிராளி வக்கீலின் வாயில் கேட்க நேரலாம்.

பத்திரம் பதிவாகியிருந்து, கொடுத்தவரும் வாங்கியவரும் கையெழுத்திட்டிருந்தால், தத்து சட்டப்படியே நடந்தது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்பவர்தான் நிரூபிக்க வேண்டும். இது 16-ஆம் பிரிவு. 2010-ல் வந்த திருத்தத்துக்கு முன்பு பிள்ளையைக் கொடுக்கும் உரிமை தகப்பனுக்குத்தான்; தாய் சம்மதம் மட்டும் தர வேண்டும். இப்போது இருவருக்கும் உரிமை உண்டு, ஒருவர் கொடுத்தால் மற்றவரின் சம்மதம் வேண்டும். 'என்னைக் கேட்காமலே கொடுத்துவிட்டார்' என்று இன்று ஒரு தாய் சொன்னால், அது வெறும் புலம்பல் அல்ல, சட்ட வாதம். ஆனால் பத்திரத்தில் அவள் கைரேகை இருந்தால் அந்த வாதம் கரையேறுவது கடினம்.

பெண் போன அன்றிரவு

காகிதச் சண்டைக்கு முன்னால் போலீஸ் நிலையம் வந்துவிடும். வளர்த்தவர்கள் 'காணவில்லை' என்று புகார் கொடுப்பார்கள். கோபம் ஏறினால் 'கடத்திவிட்டார்கள்' என்பார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 137-ஆம் பிரிவு, பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சட்டப்படியான பாதுகாவலரிடமிருந்து அழைத்துச் செல்வதை, ஆசை காட்டி இழுப்பதைக் குற்றமாக்குகிறது. 7 ஆண்டு வரை சிறை. பழைய தண்டனைச் சட்டத்தில் பையன்களுக்குப் பதினாறு, பெண்களுக்குப் பதினெட்டு என்றிருந்தது. இப்போது இருவருக்கும் பதினெட்டு.

அப்படியானால் பெற்றவள் குற்றவாளியா? இங்கே ஒரு சென்னை மாகாண வழக்கு இன்னும் கைகொடுக்கிறது. வரதராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1964-ல் ஒரு வேறுபாட்டைக் கோடு போட்டுக் காட்டியது: பிள்ளையை 'அழைத்துப் போவது' வேறு, விவரம் தெரிந்த வயதில் தானாகக் கிளம்பி வந்த பிள்ளையைத் தன்னுடன் இருக்க விடுவது வேறு. ஆகவே யார் போன் செய்தார்கள், யார் பஸ்ஸுக்குப் பணம் அனுப்பினார்கள், 'வந்துவிடு' என்று எத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பதெல்லாம் விசாரணையில் எடை போடப்படும். தனக்கு வளர்க்கும் உரிமை இருக்கிறது என்று நல்லெண்ணத்தோடு நம்பியவருக்கும் சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. இருந்தாலும், வந்த பிள்ளையை ஒளித்து வைப்பது, ஊர் மாற்றி அனுப்புவது, போலீஸ் கேட்டால் இல்லை என்பது, இந்த மூன்றும் நல்ல வழக்கைக் கெடுக்கும். அன்றிரவே வளர்த்தவர்களுக்குத் தகவல் சொல்லிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

பெண் தானாக வந்ததற்குக் காரணம் அடி, பட்டினி, வேலை வாங்கியது, அதைவிடக் கேடான வேறு ஏதாவது என்றால் கதையே வேறு. அப்போது போக வேண்டிய இடம் ஊர்ப் பஞ்சாயத்து அல்ல, மாவட்டத்துக் குழந்தைகள் நலக் குழு. தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட இந்தக் குழுவுக்கு முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டின் அதிகாரம் உண்டு. 1098-க்கு யார் வேண்டுமானாலும், அந்தப் பெண்ணே கூட, போன் செய்யலாம். தத்து செல்லுமா என்று குழு தீர்ப்பு சொல்லாது; பிள்ளைக்கு இப்போது எங்கே பாதுகாப்பு என்பதை முடிவு செய்யும். பெற்றவளிடம் தற்காலிகமாக விடவும் அதற்கு வழி இருக்கிறது.

இன்னொரு பக்கம், பிள்ளையை நேரில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி வளர்த்தவர்கள் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். இதில் டெல்டாவுக்கென்று ஒரு விநோதம். 2004-ல் மதுரைக் கிளை வந்தபோது தஞ்சாவூர் மாவட்டம் மதுரைக்குப் போனது. திருவாரூரும் நாகப்பட்டினமும், 2020-ல் நாகையிலிருந்து பிரிந்த மயிலாடுதுறையும் சென்னையிலேயே இருக்கின்றன. ஒரத்தநாட்டுக் குடும்பம் மதுரைக்கு ரயில் ஏறும், பக்கத்து மன்னார்குடிக் குடும்பம் சென்னைக்கு ஏறும். வழக்கு நடத்துவதைவிடப் போய் வருவதற்கே செலவு.

இப்படிப்பட்ட மனுக்களில் நீதிபதி பிள்ளையைத் தனியே அழைத்துப் பேசுவார். சட்டப்படியான காவல் உரிமை இல்லாத ஒருவரிடம் பிள்ளை இருந்தால் ஆட்கொணர்வு மனு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் சொன்னது. அதே மூச்சில், எந்த உரிமையைவிடவும் பிள்ளையின் நலனே பெரிது என்றும் சொன்னது. பதினாறு வயதுப் பெண்ணைப் 'போக மாட்டேன்' என்று அழும்போது கையைப் பிடித்து இழுத்து அனுப்ப நீதிபதிகளுக்கு மனம் வருவது அரிது.

காவல் மாறலாம், தாய்மை மாறாது

நீண்ட காலத்துக்குப் பெற்றவளிடமே பெண் இருக்க வேண்டுமென்றால், 1890-ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டத்துக்குப் போக வேண்டும். பிள்ளை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த எல்லைக்குள் உள்ள நீதிமன்றம் விசாரிக்கும். வேதாரண்யம் வந்து பத்து நாளில் அது 'வழக்கமான வசிப்பிடம்' ஆகிவிடாது. மன்னார்குடிதான் என்று எதிர்த்தரப்பு வாதிடும், அந்த வாதம் பலமானதும்கூட.

இதே சட்டத்தின் 17-ஆம் பிரிவில் ஒரு நல்ல வாக்கியம் இருக்கிறது: பிள்ளை விவரமாகத் தேர்ந்தெடுக்கும் வயதில் இருந்தால் அதன் விருப்பத்தை நீதிமன்றம் கணக்கில் எடுக்கலாம். நூற்று முப்பது ஆண்டுக்கு முன் வெள்ளைக்காரன் காலத்தில் எழுதிய சட்டம் பிள்ளையின் வாயைத் திறக்க விடுகிறது. சுதந்திரத்துக்குப் பின் எழுதிய தத்துச் சட்டம் விடவில்லை. ஆனால் வளர்த்தவர்கள் உயிரோடும் தகுதியோடும் இருக்கும்போது வேறொருவரைப் பாதுகாவலராக நியமிக்க அதே சட்டத்தின் 19-ஆம் பிரிவு எளிதில் இடம் தராது. அவர்கள் தகுதியற்றவர்கள் என்று காட்ட வேண்டும், அதற்குக் குடும்பத்தின் அழுக்கையெல்லாம் கோர்ட்டில் துவைக்க வேண்டும். அதைவிட, பிள்ளை எங்கே இருக்கும், எந்தப் பண்டிகைக்கு எங்கே போகும், செலவு யார் செய்வார் என்று சமரச மையத்தில் பேசி நீதிமன்றத்தில் பதிவு செய்துகொள்வது பல மடங்கு மேல். சமரசத்துக்கு முயல வேண்டியது குடும்ப நீதிமன்றத்தின் கடமை.

ஒரு சிறு வேடிக்கை. இந்து சிறார் பாதுகாவலர் சட்டத்தின் 7-ஆம் பிரிவு 'தத்து மகன்' என்று மட்டுமே சொல்கிறது, மகளைக் காணோம். அந்தச் சட்டம் 1956 ஆகஸ்ட் மாதத்தது, பெண்ணையும் தத்தெடுக்கலாம் என்ற சட்டம் அதே ஆண்டு டிசம்பரில்தான் வந்தது. நான்கு மாத இடைவெளியில் விழுந்த ஓட்டையை இன்னும் யாரும் அடைக்கவில்லை. நடைமுறையில் 12-ஆம் பிரிவு அதை ஈடுகட்டிவிடுகிறது.

எப்படிப் பேசி முடித்தாலும், காவல் என்பது காவல்தான். பெரியம்மாவின் சம்மதத்தோடு பெண் பெற்றவளிடம் பத்து வருடம் இருந்தாலும் அவள் பெரியம்மாவின் மகள். பெற்றவள் தன் பெண்ணைத் திரும்பத் தத்தெடுக்கலாமே என்றால், ஏற்கெனவே தத்தான பிள்ளையை மறுபடி தத்தெடுக்க முடியாது, பதினைந்து வயதும் தாண்டிவிட்டது. சில வெளிநாடுகளில் வயது வந்தவரையே தத்தெடுக்கலாம். பெற்ற தாய் தன் மகளைத் தத்தெடுத்த விந்தையும் அங்கே நடக்கும். இங்கே இந்துச் சட்டத்தில் அந்தக் கதவு சாத்தியிருக்கிறது.

இருபது ரூபாய் முத்திரைத்தாள்

ஊரில் இதற்கெல்லாம் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். பெரியவர்கள் நான்கு பேர் உட்கார்ந்து, இருபது ரூபாய் முத்திரைத்தாளில் 'தத்து ரத்துப் பத்திரம்' எழுதுவார்கள். இன்ன தேதியில் நடந்த சுவீகாரத்தை இரு தரப்பும் மனமொப்பி ரத்து செய்துகொண்டோம், இனி எங்களுக்குள் கொடுக்கல் வாங்கல் இல்லை. கீழே பெண்ணின் கையெழுத்தும் வாங்கிக்கொள்வார்கள்.

அந்தத் தாளுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. 15-ஆம் பிரிவு 'முடியாது' என்று சொன்ன ஒன்றை நான்கு பேர் சம்மதித்து முடித்துவிட முடியாது. சார்பதிவாளர் பதிவு செய்துகொடுத்தாலும் அதே கதிதான். பதிவு, செல்லாததைச் செல்லுபடியாக்காது. 'வளர்த்தவர்கள் சொத்தில் எனக்குப் பங்கு வேண்டாம்' என்று பெண் எழுதிக் கொடுத்ததும் அப்படியே. பதினெட்டு நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்ய முடியாது என்பது ஒரு காரணம். உயிரோடு இருப்பவரின் சொத்து நாளைக்கு எனக்கு வரலாம் என்ற வெறும் எதிர்பார்ப்பைக் கைமாற்ற முடியாது என்பது இன்னொரு காரணம்.

ஆக, கோபித்துக்கொண்டு போன பெண் வளர்த்தவர்களுக்கு வாரிசாகவே இருக்கிறாள். பெரியப்பா உயில் எழுதாமல் போனால் அவருடைய நஞ்சையில் அவளுக்குச் சொந்த மகளின் பங்கு. வளர்த்தவர்கள் அதைத் தடுக்க நினைத்தால் அவர்களுக்கும் வழி இருக்கிறது: தத்து எடுத்ததால் சுய சொத்தை விற்கும், எழுதி வைக்கும் உரிமை போய்விடவில்லை என்று 13-ஆம் பிரிவு சொல்கிறது. உயில் எழுதலாம். பூர்வீகச் சொத்தில் அந்த வசதி முழுதாக இல்லை. படிப்புச் செலவு, சாப்பாட்டுச் செலவு ஆகியவற்றின் பொறுப்பும் சட்டப்படி வளர்த்தவர்களுடையது. வீட்டை விட்டுப் போனதால் மட்டும் அது தானாக இறங்கிவிடாது.

பிறந்த வீட்டில் நிலைமை நேர் எதிர். அங்கே அவளுக்கு வாரிசுரிமை இல்லை. தத்துக்கு முன்பே அவள் பெயருக்கு வந்து சேர்ந்த சொத்து, உதாரணமாகத் தாத்தா பிறந்தவுடனே எழுதி வைத்த ஒரு மா நிலம், அவளோடு போகும், அவளுடையதாகவே இருக்கும். கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்பால் வந்த பங்கும் அப்படிப் போகுமா என்பதில் ஆந்திர உயர் நீதிமன்றம் ஒரு காலத்தில் ஒன்று சொன்னது, பம்பாய் உயர் நீதிமன்றம் வேறொன்று சொன்னது. பாகப்பிரிவினை ஆகாத குடும்பம் என்றால், இதை வைத்து இரண்டு தலைமுறைக்கு வழக்கு நடத்தலாம். டெல்டாவில் நடத்தக்கூடியவர்களும் இருக்கிறார்கள்.

இனிஷியல்

பெண்ணுக்கு இதையெல்லாம்விட உறுத்துவது வேறொன்றாக இருக்கும்: பெயருக்கு முன்னால் நிற்கும் ஒற்றை எழுத்து. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில், ஆதாரில், சாதிச் சான்றிதழில் பெரியப்பாவின் இனிஷியல். அதை மாற்ற வேண்டும் என்பாள். அரசிதழில் பெயர் மாற்றம் அறிவிக்கலாம், ஆனால் மைனருக்காக விண்ணப்பிக்க வேண்டியவர் சட்டப்படியான பெற்றோர், அதாவது பெரியம்மாவும் பெரியப்பாவும். பதினெட்டு நிரம்பியபின் அவளே செய்யலாம். அப்போதும் மாறுவது எழுத்துதான், தகப்பன் அல்ல. டி.சி., பாஸ்போர்ட், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் அதே கையெழுத்துச் சிக்கல் வரும். சண்டை முற்றுவதற்குள் வளர்த்தவர்களிடம் ஒரு ஒப்புதல் கடிதம் வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் கொடுத்தால் பிளஸ் டூ வருடம் வீணாகாமல் தப்பும்.

முறை வேறு இருக்கிறது. நம் உதாரணத்தில் பெரியம்மாவுக்குப் பிள்ளைகள் இருந்திருந்தாலும் அவர்கள் எப்படியும் அண்ணன் தங்கை முறைதான் என்பதால் குழப்பமில்லை. அத்தை தத்தெடுத்திருந்தால்? அத்தைக்கு ஒரு மகன் இருந்து, மகள் இல்லாததால் பெண்ணைத் தத்தெடுத்தாள் என்று வைத்துக்கொள்வோம், அது செல்லும். நேற்று வரை முறைப்பையன், தத்தான நாளிலிருந்து அண்ணன். பிறந்த வீட்டுக்குத் திரும்பிவிட்டேன் என்று சொல்லி மறுபடி அவனை முறைப்பையன் ஆக்க முடியாது. பிறந்த வீட்டில் கட்டிக்கொள்ளக் கூடாத உறவுகளும் தத்தால் கட்டிக்கொள்ளும் உறவாகிவிடாது. அறுந்தது அறுந்ததுதான் என்ற சட்டம், திருமணத்துக்கு மட்டும் இரண்டு வேலிகளையும் வைத்திருக்கிறது.

இதுவரை சொன்னது இந்துக் குடும்பத்துக் கதை. நாகூரிலோ கூத்தாநல்லூரிலோ அதிராம்பட்டினத்திலோ ஒரு முஸ்லிம் குடும்பம் உறவுக்குள் பிள்ளையை வளர்த்தால், அவர்களின் தனிச்சட்டத்தில் அது தத்து அல்ல; பிள்ளை பெற்றவர்களின் பிள்ளையாகவே இருக்கிறது, திரும்பப் போவதில் உறவுச் சிக்கலே இல்லை. வேளாங்கண்ணியிலோ தரங்கம்பாடியிலோ ஒரு கிறிஸ்தவக் குடும்பம் நீதிமன்றம் மூலம் பாதுகாவலர் உரிமை மட்டும் வாங்கியிருந்தால், பதினெட்டில் அது முடிந்துவிடும். எந்த மதத்தவரும் சிறார் நீதிச் சட்டத்தின் கீழ் தத்தெடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் உறுதி செய்தது. அப்படி எடுத்தால் அங்கேயும் பிறந்த உறவு அறுந்துபோகும்.

அந்த வழியில் வந்த பிள்ளைகளுக்கு வேறொரு கஷ்டம்: பெற்றவர் யார் என்றே தெரியாது. குழந்தையை ஒப்படைத்த பெற்றோருக்கு மனம் மாற இரண்டு மாதம் அவகாசம் உண்டு. அதற்குப் பிறகு கோப்பு மூடி முத்திரை வைக்கப்படும். 2022 செப்டம்பர் முதல் தத்து உத்தரவு போடுவது மாவட்ட ஆட்சியர். வேரைத் தேட விரும்பும் பிள்ளை, பதினெட்டுக்குக் கீழ் என்றால் வளர்த்தவர்களோடு சேர்ந்துதான் விண்ணப்பிக்க முடியும். அதற்கு மேல் தனியாகக் கேட்கலாம். பெற்றவர் தன்னைக் காட்டிக்கொள்ள விரும்பாவிட்டால் அந்த அந்தரங்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு. பணம் கொடுத்துக் கைமாறிய குழந்தை என்றால் பெற்றவர், வளர்த்தவர், இடைத்தரகர் மூவர் மேலும் வழக்கு பாயும். உரிமை கேட்டு வந்தவரே குற்றத்தை ஒப்புக்கொண்டவர் ஆகிவிடுவார்.

வக்கீல் வைக்கக் காசில்லை என்று யாரும் ஒதுங்க வேண்டியதில்லை. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100-க்குப் போனும் செய்யலாம்.

பெண்ணுக்குப் பதினெட்டு ஆனதும் காவல் வழக்குகள் எல்லாம் தாமாகவே உதிர்ந்துவிடும். எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். மிச்சமிருப்பது முதுமையும் சொத்தும். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 'பெற்றோர்' என்றால் பெற்றவர், தத்தெடுத்தவர், மாற்றாந்தாய், மாற்றாந்தகப்பன் எல்லோரும் என்று வரையறுக்கிறது. ஒரு சட்டம் அறுத்த உறவை இன்னொரு சட்டம் சோறு போடும் நேரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. நாளைக்கு இரண்டு வீட்டுக் கிழவிகளும் வருவாய்க் கோட்டாட்சியர் முன் அவள் மேல் மனு கொடுத்தால், இரண்டையும் அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது.

பெற்றவள் தன் பங்கில் கொஞ்சம் நிலத்தை அந்தப் பெண்ணுக்குக் கொடுக்க நினைத்தால், இறந்தபின் வாரிசுச் சான்றிதழில் அவள் பெயர் வராது என்பதை நினைவில் வைத்து, உயிரோடு இருக்கும்போதே தான செட்டில்மெண்ட்டோ உயிலோ எழுத வேண்டும். எழுதும்போது 'என் மகள்' என்று மட்டும் எழுதினால், மற்றப் பிள்ளைகளில் யாராவது நாளைக்கு அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போவார்கள். அதனால் விவரம் தெரிந்த பத்திர எழுத்தர் அந்த இடத்தில் பேனாவை நிறுத்தி, தத்துப் பத்திரத்தின் எண்ணையும் தேதியையும் கேட்டு வாங்கிக்கொண்டு, இப்படித்தான் எழுதுவார்: 'என் வயிற்றில் பிறந்தவளும், என் அக்காளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டவளும், தற்போது என் அக்காள் மகளுமான...'